ரகசியம் எதுவரை?

2019 ஜூனில் இங்கிலாந்தில் நடந்த உலகக் கோப்பையில், தென்னாப்பிரிக்காவுக்கு எதிரான ஆட்டத்தில் தோனி அணிந்திருந்த கையுறையில் ஒரு சின்னம் இருந்தது. கீழ்நோக்கிய குத்துவாள், அதிலிருந்து மேலெழும் இரு சிறகுகள். தரைப்படையின் பாரா சிறப்புப் படையினர் அணியும் ‘பலிதான்’ சின்னத்தை ஒத்திருந்தது அது. சர்வதேச கிரிக்கெட் கவுன்சில் அதை எடுத்துவிடச் சொன்னதும் நாடு முழுக்க அதே பேச்சாகிவிட்டது. அதுவரை அந்தச் சின்னத்தைக் கேள்விப்படாதவர்கள்கூட சில நாட்களில் அதன் பெயரையும் பொருளையும் தெரிந்துகொண்டார்கள். இன்று அதை டி-சட்டையிலும் பைக்கின் நம்பர் பிளேட்டுக்குப் பக்கத்திலும் பார்க்கலாம்.

அதை உடல் வருத்திப் பெற்றவர்களின் முகம் மட்டும் நமக்குத் தெரியாது. செய்திப் படங்களில் அவர்கள் துணியால் முகத்தை மறைத்துக்கொண்டு நிற்கிறார்கள். இறந்தால் பெயர் வெளிவருகிறது. சில படைகளில் இறந்தாலும் வருவதில்லை. இந்த மறைப்பில் எவ்வளவு நியாயமான தேவை, எவ்வளவு வெறும் பழக்கம், எவ்வளவு மேலிடத்தின் வசதி என்று பிரித்துப் பார்க்க வேண்டும். இந்தப் படைகளில் சேர ஆசைப்படும் பிள்ளைகள் நம் ஊர்களில் நிறைய இருக்கிறார்கள். அவர்கள் எதற்குள் நுழைகிறார்கள் என்று அவர்களிடமும் பெற்றோரிடமும் நேர்மையாகச் சொல்லும் கடமை நமக்கு உண்டு.

இன்று சிறப்புப் படை என்று நாம் சொல்லும் வடிவம் இரண்டாம் உலகப் போரில் உருவானது. 1941இல் வட ஆப்பிரிக்காவில் டேவிட் ஸ்டிர்லிங் என்ற இளம் பிரிட்டிஷ் அதிகாரி, பெரும்படையால் ஆகாத காரியத்தை நான்கைந்து பேர் சேர்ந்த குழு செய்து காட்டும் என்று தளபதிகளை நம்பவைத்தார். எதிரியின் பின்புறத்துக்குப் பாலைவனம் வழியாகப் போய், விமானங்களை நின்ற இடத்திலேயே கொளுத்திவிட்டுத் திரும்புவது அவர்கள் வேலை. எஸ்.ஏ.எஸ். என்ற பிரிட்டிஷ் சிறப்புப் படை அப்படிப் பிறந்தது, பிற்காலத்தில் பல நாடுகள் அதைப் பார்த்தே தங்கள் படைகளை அமைத்தன. இந்தியாவில் 1965 போரின்போது மேஜர் மேக் சிங், தாமாக முன்வந்தவர்களைத் திரட்டி ‘மேக்தூத்’ என்ற குழுவாக்கி எல்லைக்கு அப்பால் தாக்கினார். அதில் பலன் கண்ட தரைப்படை 1966இல் 9 பாரா கமாண்டோவையும், அடுத்த ஆண்டு 10 பாரா கமாண்டோவையும் அமைத்தது. முன்னது மலைக்கு, பின்னது பாலைவனத்துக்கு. 1984இல் தேசியப் பாதுகாப்புப் படையான என்.எஸ்.ஜி., 1987இல் கடற்படையின் மார்கோஸ், 2004இல் விமானப்படையின் கருட் என்று வரிசை நீண்டது.

சேரும் வழியில் ரகசியம் ஏதுமில்லை. முதலில் படையில் சேர வேண்டும், அவ்வளவுதான். அதிகாரியாக விரும்புபவர் தேசியப் பாதுகாப்பு அகாடமி, டேராடூன் ராணுவ அகாடமி, நம் பரங்கிமலையில் இருக்கும் அதிகாரிகள் பயிற்சி அகாடமி ஆகியவற்றில் ஒன்றைத் தாண்டி வர வேண்டும். சிப்பாய்களில் ஒரு பகுதியினர் பெங்களூரில் உள்ள பாராசூட் ரெஜிமெண்ட் பயிற்சி மையத்தின் வழியாக வருகிறார்கள். மற்றவர்கள் வேறு ரெஜிமெண்டுகளில் இருந்துகொண்டு விருப்பம் எழுதிக் கொடுத்து வருகிறார்கள். பாரா சிறப்புப் படைக்கு யாரையும் உத்தரவிட்டு அனுப்புவதில்லை. சாதாரணப் பாரா பட்டாலியனுக்கு மூன்று மாதம், சிறப்புப் படைக்கு ஆறு மாதம் என்பது நெடுநாளாக வழங்கிவரும் தகுதிகாண் காலம். ஆக்ராவில் ஐந்து முறை விமானத்திலிருந்து குதிக்க வேண்டும், அதில் ஒன்று இரவில். என்.எஸ்.ஜி.யின் முறை வேறு. தரைப்படையிலிருந்தும் போலீஸ், துணை ராணுவப் படைகளிலிருந்தும் சில ஆண்டுகளுக்கு அயல்பணியாக அங்கே வருகிறார்கள். சென்னைக்கு அருகே நெடுங்குன்றத்தில் அதன் தளம் ஒன்று இருப்பதால் இங்கேயே ஆள் எடுப்பார்கள் என்று சிலர் நினைக்கிறார்கள். அந்தப் படைக்கு நேரடி ஆளெடுப்பு கிடையாது. இடம் வாங்கித் தருவதாக யாராவது பணம் கேட்டால் அவர் ஏமாற்றுகிறார் என்று பொருள்.

தகுதிகாண் காலத்துக்குள்ளே நடப்பதில்தான் முதல் மறைப்பு வருகிறது. தூக்கமில்லாமல், முதுகுச் சுமையோடு, எவ்வளவு தூரம் போக வேண்டும், எத்தனை மணிக்குள் முடிக்க வேண்டும் என்று தெரியாமல் நடக்க வைப்பது உலகெங்கும் இத்தகைய தேர்வுகளின் உயிர்நாடி. எஸ்.ஏ.எஸ். தேர்வின் மலைக்கட்டம், வேல்ஸ் மலைகளில் ஏறத்தாழ 64 கிலோமீட்டரை 20 மணி நேரத்துக்குள் கடக்கும் நடையோடு முடிகிறது. எல்லைக்கோடு தெரிந்தவர் தன் சக்தியைப் பங்கிட்டுச் செலவழிப்பார். தெரியாதவர் எப்போது தளர்கிறார், தளர்ந்த பிறகு பக்கத்தில் இருப்பவரை எப்படி நடத்துகிறார் என்பதைத்தான் பயிற்றுநர்கள் பார்க்கிறார்கள். உடல் வலிமை வாசல்வரைதான் கூட வரும். அதற்கு மேல் சோதிக்கப்படுவது தனியாக முடிவெடுக்கும் மனம். கேள்வித்தாளை முன்கூட்டிக் காட்டாமல் இருப்பதற்கு இணையான இந்த மறைப்பில் எனக்கு ஆட்சேபம் இல்லை.

ஆனால் தேர்வு மூடிய கதவுக்குள் நடப்பதற்கு ஒரு விலை உண்டு. 2013 ஜூலையில் வேல்ஸில் பிரெக்கன் பீக்கன்ஸ் மலையில், எஸ்.ஏ.எஸ். ரிசர்வ் பிரிவுக்கான தேர்வு நடையின்போது கடும் வெயிலில் சுருண்டு மூன்று பேர் இறந்தார்கள். அவர்கள் ஒவ்வொருவரிடமும் இருக்கும் இடத்தைக் காட்டும் கருவி இருந்தது. ஒருவர் வெகுநேரம் அசையாமல் கிடக்கிறார் என்பதை அந்தக் கருவியின் மறுமுனையில் இருந்தவர்கள் உரிய நேரத்தில் கவனிக்கவில்லை. 2015இல் மரண விசாரணை நடத்திய அதிகாரி, அலட்சியமும் அந்தச் சாவுகளுக்குக் காரணம் என்று தீர்ப்பளித்தார். பாதுகாப்பு அமைச்சகத்தின் மீது குற்ற வழக்குத் தொடர அந்நாட்டுச் சட்டம் இடம் தராததால், பணியிடப் பாதுகாப்புத் துறை கண்டனம் ஒன்றைப் பதிவுசெய்வதோடு நின்றது. விசாரணை வெளிப்படையாக நடந்ததால்தான் இந்த அளவாவது நமக்குத் தெரிகிறது. சேர விரும்பும் பிள்ளை தெரிந்துகொள்ள வேண்டிய முதல் செய்தி இது: தேர்வின் கடினம் பெருமைக்குரியது, ஆனால் வெயில் தாக்கி விழுந்தவனை உடனே தூக்கி மருத்துவரிடம் சேர்க்கும் ஏற்பாடு இல்லாத கடினத்தில் எந்தப் பெருமையும் இல்லை.

ரகசியம் உயிர் காக்கும் இடங்கள் உண்டு. அதை மறுப்பவர்கள் மும்பை தாக்கப்பட்ட 2008 நவம்பர் 26ஐ நினைத்துப் பார்க்க வேண்டும். தாஜ் ஓட்டல், ஓபராய், நரிமன் ஹவுஸ் மூன்றையும் சுற்றித் தொலைக்காட்சிக் கேமராக்கள் நின்றன. கமாண்டோக்கள் கயிற்றில் இறங்குவதை நாடே நேரலையில் பார்த்தது. பாகிஸ்தானில் அமர்ந்து கொலையாளிகளைத் தொலைபேசியில் இயக்கியவர்களும் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். 2012இல், பிடிபட்ட கொலையாளியான கசாபின் வழக்குத் தீர்ப்பில் உச்ச நீதிமன்றம் தொலைக்காட்சி நிறுவனங்களைக் கடுமையாகக் கண்டித்தது. 2015இல் கேபிள் தொலைக்காட்சி விதிகள் திருத்தப்பட்டு, பயங்கரவாத எதிர்ப்பு நடவடிக்கைகளை நேரலையில் காட்டுவது தடைசெய்யப்பட்டது. தாஜில் மேஜர் சந்தீப் உன்னிகிருஷ்ணனும் நரிமன் ஹவுஸில் ஹவில்தார் கஜேந்தர் சிங்கும் உயிர் கொடுத்ததை அறிந்த எவரும் அந்தத் தடையைக் குறைசொல்ல மாட்டார்கள்.

இன்று ஆபத்து கேமராவைவிடச் சிறிய கருவிகளில் இருக்கிறது. உடற்பயிற்சி செய்பவர்கள் ஓடிய பாதைகளையெல்லாம் சேர்த்து ஸ்ட்ராவா நிறுவனம் 2017 இறுதியில் ஓர் உலக வரைபடம் வெளியிட்டது. இருண்ட பாலைவனங்களின் நடுவே வேலியோரம் சுற்றிச் சுற்றி ஓடிய தடங்கள் பளிச்சென்று தெரிவதை 2018 ஜனவரியில் ஆஸ்திரேலிய மாணவர் ஒருவர் சுட்டிக்காட்டினார். அவற்றில் சில, வெளியே சொல்லப்படாத ராணுவ முகாம்கள். கையில் கட்டியிருந்த கடிகாரம் ஒற்றன் செய்ய வேண்டிய வேலையைச் செய்துவிட்டது. 2020இல் இந்தியத் தரைப்படை முகநூல், இன்ஸ்டாகிராம் உள்ளிட்ட 89 செயலிகளைக் கைபேசியிலிருந்து நீக்கச் சொன்னதையும் இதோடு சேர்த்துப் புரிந்துகொள்ள வேண்டும். காஷ்மீரில் பணியாற்றுபவரின் முகம் தெரிந்தால் ஊரில் இருக்கும் அவர் மனைவி மக்களின் முகவரியைத் தேடுவது பெரிய காரியமில்லை. ஆள், இடம், நேரம், முறை ஆகிய நான்கையும் மறைப்பது நியாயம். இந்த நான்கில் முதலாவதைத் தவிர மற்றவற்றின் ஆயுள் குறைவு என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

சிக்கல் தொடங்குவது, மறைப்பதும் வெளிப்படுத்துவதும் களத்தின் தேவைக்கு அப்பால் போகும்போது. 2015 ஜூன் 4 அன்று மணிப்பூரின் சந்தேலில் 18 ராணுவ வீரர்கள் கொல்லப்பட்டார்கள். சில நாட்களில் ‘21 பாரா’ என்ற சிறப்புப் படைப் பிரிவினர் மியான்மர் எல்லையில் தாக்குதல் நடத்தினர். எல்லை தாண்டியே சென்றார்கள் என்று மத்திய அமைச்சர் ஒருவர் ஊடகங்களிடம் பெருமிதத்தோடு பேசினார். தன் மண்ணில் அப்படி எதுவும் நடக்கவில்லை என்று மியான்மர் மறுத்தது. 2016 செப்டம்பர் 29 அன்று கட்டுப்பாட்டுக் கோட்டைத் தாண்டி நடந்த தாக்குதலை ராணுவமே செய்தியாளர் கூட்டத்தில் அறிவித்தது. அடுத்த ஜனவரியில் பங்கேற்றவர்களுக்கு வீர விருதுகள் வந்தன. 2018இல் காணொளிகள் வெளியிடப்பட்டு ஆண்டு விழா கொண்டாடப்பட்டது. 2019இல் திரைப்படம் வந்தது. அந்த வீரர்களின் துணிவைப் பற்றி எனக்கு ஒரு சந்தேகமும் இல்லை. என் கேள்வி வேறு. மூன்றே ஆண்டுகளில் ஒரு நடவடிக்கையைத் திரைப்படமாக்கும் அளவுக்கு வெளிப்படையாக இருக்க முடிந்த அரசு, ஐம்பது ஆண்டுகளுக்கு முந்தைய இன்னொரு நடவடிக்கையில் இறந்தவர்களைப் பற்றி ஏன் இன்னும் வாய் திறப்பதில்லை?

நான் சொல்வது சிறப்பு எல்லைப்புறப் படையை. 1962இல் சீனாவிடம் தோற்றுக்கொண்டிருந்த அந்த நவம்பரில், 14ஆம் தேதி அது தொடங்கப்பட்டது. திபெத்திலிருந்து அகதிகளாக வந்தவர்களைத் திரட்டி, தேவைப்பட்டால் சீனப் படைகளின் பின்புறத்தில் இறக்குவது திட்டம். டேராடூனுக்கு அப்பால் சக்ராதா மலையில் முகாம். உளவுத்துறைத் தலைவர் பி. என். முல்லிக்கின் முயற்சி, அமெரிக்க உளவு நிறுவனத்தின் ஆயுதமும் பயிற்சியும், தலைமைக்கு சுஜன் சிங் உபான். அவர் முன்பு 22ஆம் மலைப் பீரங்கி ரெஜிமெண்டை நடத்தியவர் என்பதால் இந்தப் படைக்கு ‘எஸ்டாப்ளிஷ்மெண்ட் 22’ என்ற பெயர் ஒட்டிக்கொண்டது. பாதுகாப்பு அமைச்சகத்தின் கீழே அது வரவில்லை. அமைச்சரவைச் செயலகம்தான் அதன் மேலிடம். இந்த ஒரு நிர்வாக ஏற்பாட்டிலிருந்தே பின்னால் வந்த எல்லா அநியாயமும் கிளைத்தது.

1971 இறுதியில், போர் முறையாக அறிவிக்கப்படுவதற்கு முன்பே, ஏறத்தாழ 3,000 திபெத்தியர்கள் மிசோரம் வழியாகச் சிட்டகாங் மலைப்பகுதிக்குள் அனுப்பப்பட்டார்கள். இந்தியாவின் கை தெரியக் கூடாது என்பதற்காக அவர்களில் பலரிடம் பல்கேரியாவில் செய்த ஏ.கே. 47 துப்பாக்கிகள் தரப்பட்டன. பாலங்களைத் தகர்த்து, புறக்காவல் நிலைகளைப் பிடித்து, பாகிஸ்தான் படையினர் பர்மாவுக்குத் தப்பும் வழியை அடைத்தார்கள். தலைவர்களில் ஒருவரான தாபோன் தோண்டுப் கியாதோட்சாங் தொடக்கத்திலேயே குண்டு பட்டு இறந்தார். மொத்தம் 56 பேர் மடிந்தார்கள். ஏறத்தாழ 190 பேர் காயமடைந்தார்கள். அது அவர்கள் மண்ணுக்கான போர் இல்லை, அவர்களுடைய எதிரியும் அங்கே இல்லை. புகலிடம் தந்த நாடு கேட்டது என்பதற்காகப் போனார்கள். தரைப்படையின் பட்டியலில் அவர்கள் இல்லை என்பதால் போர்ப் பதக்கம் கிடைக்கவில்லை. சிலருக்குப் பணப் பரிசு தந்து கணக்கு முடிக்கப்பட்டது.

அதே ஆண்டு டிசம்பரில் 10 பாரா கமாண்டோ சிந்துப் பகுதிக்குள் நெடுந்தூரம் போய்ச் சாச்ரோவைத் தாக்கியது. அதை நடத்திய ஜெய்ப்பூர் அரச குடும்பத்துப் பவானி சிங்குக்கு மகாவீர் சக்கரம் வழங்கப்பட்டது. அந்தத் தாக்குதல் ராணுவப் பாடநூல்களில் இடம்பெறும் அளவுக்குப் புகழ்பெற்றது. ஒரே போர், ஒரே வகையான பணி, எதிரியின் பின்புறத்தில் ஒரே வகையான ஆபத்து. ஒன்று வரலாறு ஆயிற்று, மற்றொன்று கோப்புக்குள் போயிற்று. இத்தனைக்கும் உபானே 1985இல் தம் படையின் சிட்டகாங் அனுபவத்தைப் புத்தகமாக எழுதி வெளியிட்டுவிட்டார். கடைகளில் விற்ற செய்தியை அரசு மட்டும் ஒப்புக்கொள்ளாமல் இருந்தது. எதிரிக்குத் தெரிந்து, வாசகருக்குத் தெரிந்து, இறந்தவரின் மனைவிக்கு மட்டும் அதிகாரபூர்வமாகத் தெரியாத ரகசியத்தால் எந்த நாட்டின் பாதுகாப்பும் அதிகரிக்காது.

2020 ஆகஸ்ட் இறுதியில் லடாக்கின் பாங்காங் ஏரியின் தென்கரையில் அதே படையைச் சேர்ந்த நியிமா டென்சின், 1962 போரில் புதைத்த பழைய கண்ணிவெடி வெடித்து இறந்தார். லேயில் நடந்த இறுதிச் சடங்கில் இந்தியக் கொடியும் திபெத்தியக் கொடியும் சேர்ந்து போர்த்தப்பட்டன. திரளான மக்கள் கோஷமிட்டபடி உடன் வந்தார்கள். ஆளும் கட்சியின் மூத்த தலைவர் ராம் மாதவ் நேரில் வந்து அஞ்சலி செலுத்தி, அதைச் சமூக ஊடகத்தில் பதிவிட்டு, பிறகு அந்தப் பதிவை நீக்கினார். அந்தப் படையைப் பற்றி ஊர் வெளிப்படையாகப் பேசிய முதல் தருணம் அதுதான் எனலாம். சீனாவுக்கு ஒரு செய்தி சொல்ல வேண்டியிருந்த வாரத்தில் திரை சற்று விலகியது, அவ்வளவே.

இறந்தவர்களை மறப்பது ஒரு கேடு என்றால் தவறுகளை மறைப்பது இன்னொரு கேடு. தமிழ் வாசகருக்கு இதை விளக்க வெகுதூரம் போக வேண்டாம். 1987 அக்டோபர் 11 நள்ளிரவு தாண்டி, யாழ்ப்பாணப் பல்கலைக்கழக மைதானத்தில் இந்திய அமைதிப் படையின் ஹெலிகாப்டர்கள் இறங்கின. புலிகளின் தலைமையைப் பிடிப்பது நோக்கம். 10 பாரா கமாண்டோக்கள் நூறு பேர் அளவிலும், 13 சீக்கிய லைட் இன்ஃபன்ட்ரியின் 30 பேரும் இறங்கினார்கள். இந்தியரின் வானொலிப் பேச்சை ஒட்டுக்கேட்டிருந்த புலிகள் சுற்றிலும் காத்திருந்தார்கள். ஹெலிகாப்டர்கள் சல்லடையாகத் துளைக்கப்பட்டதால் மற்றவர்களைக் கொண்டுவர முடியவில்லை. 30 சீக்கியர்களில் 29 பேர் மடிந்தார்கள். எஞ்சிய ஒருவர் பிடிபட்டார். கமாண்டோக்களில் ஆறு பேர் இறந்தார்கள். மற்றவர்கள் கொக்குவில் பக்கத்து வீடுகளில் அரண் அமைத்துப் போராடி, டாங்கிகள் வந்த பிறகு மீண்டார்கள். அதே கொக்குவிலில், பிரம்படி ஒழுங்கையில், அந்த நாளில் பொதுமக்கள் பலர் இந்தியப் படையினரால் கொல்லப்பட்டதை யாழ் பல்கலைக்கழக ஆசிரியர்கள் நால்வர் எழுதிய ‘முறிந்த பனை’ பதிவுசெய்திருக்கிறது. அந்நால்வரில் ஒருவரான ராஜினி திராணகம 1989 செப்டம்பரில் சுட்டுக் கொல்லப்பட்டார்.

அந்த இரவைப் பற்றி இன்று நமக்குத் தெரிந்ததெல்லாம் ஓய்வுபெற்ற அதிகாரிகளின் நினைவுக் குறிப்புகளிலிருந்தும், அந்த ஆசிரியர்களைப் போன்றவர்கள் உயிரைப் பணயம் வைத்துச் சேர்த்த சாட்சியங்களிலிருந்தும் வந்தவை. உளவுத் தகவல் ஏன் தவறானது, வானொலி ஏன் பாதுகாக்கப்படவில்லை, இத்தனை சிறிய குழுவை நகரின் நடுவே இறக்க யார் முடிவெடுத்தார், பிரம்படியில் நடந்ததற்கு யார் பொறுப்பு? இந்தக் கேள்விகளை இந்திய நாடாளுமன்றம் ஒருமுறையாவது உட்கார்ந்து விசாரித்திருந்தால் அதன் முதல் பயனாளி அடுத்த முறை ஹெலிகாப்டரில் ஏறப்போகும் கமாண்டோதான். சரியான தகவல் இல்லாமல் அனுப்பப்பட்டுச் சாவது அவன். தவறான உத்தரவைக் கேட்டுக் கொன்றுவிட்டு வாழ்நாள் முழுக்கச் சுமப்பதும் அவன்.

2021 டிசம்பர் 4 அன்று நாகாலாந்தின் மோன் மாவட்டத்தில், ஓட்டிங் ஊருக்கு அருகே, 21 பாரா சிறப்புப் படையினர் தீவிரவாதிகளுக்காகப் பதுங்கியிருந்தார்கள். நிலக்கரிச் சுரங்கத்தில் வேலை முடித்து வீடு திரும்பிய தொழிலாளர்களின் வண்டி வந்தது. ஆறு பேர் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். தேடி வந்த ஊர்மக்களுடன் மோதல் மூண்டு மேலும் ஏழு பேரும் ஒரு ராணுவ வீரரும் இறந்தார்கள்; மறுநாள் மோன் நகரில் இன்னொருவர். வண்டியை நிறுத்தச் சைகை காட்டியும் நிற்கவில்லை என்று உள்துறை அமைச்சர் நாடாளுமன்றத்தில் சொல்லி வருத்தம் தெரிவித்தார். எந்தச் சைகையும் காட்டப்படவில்லை என்றார் பிழைத்தவர். மாநிலக் காவல்துறையின் சிறப்புக் குழு 2022இல் ஒரு மேஜர் உட்பட 30 பேர் மீது குற்றப்பத்திரிகை தாக்கல் செய்தது. ஆயுதப் படைகள் சிறப்பு அதிகாரச் சட்டத்தின்படி தேவையான அனுமதியை மத்திய அரசு 2023இல் மறுத்தது. 2024 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் அந்த வழக்கின் நடவடிக்கைகளை முடித்துவைத்தது. பிற்பாடு அனுமதி கிடைத்தால் தொடரலாம் என்றது.

இந்தியாவின் குறை மட்டும் என்று இதை நினைக்க வேண்டாம். ஆஸ்திரேலியாவில் 2020 நவம்பரில் வெளியான பிரெரட்டன் அறிக்கை, ஆப்கானிஸ்தானில் அந்நாட்டுச் சிறப்புப் படையினர் 39 பேரைச் சட்டவிரோதமாகக் கொன்றதற்கு நம்பத்தக்க தகவல் இருப்பதாகச் சொன்னது. சிறைப்பட்டவரைச் சுடச் சொல்லிப் புதியவர்களின் ‘கை நனைக்கும்’ வழக்கம் இருந்ததையும், கொல்லப்பட்டவர் பக்கத்தில் துப்பாக்கியையோ வானொலிக் கருவியையோ கொண்டுவந்து வைத்த தந்திரத்தையும் அது விவரிக்கிறது. ரகசியக் குழுக்களுக்குள் அதிகாரிகளைவிடப் பழந்தின்று கொட்டை போட்ட சார்ஜெண்ட்களின் சொல்லுக்கே மதிப்பு என்ற நிலை வந்ததை அது ஒரு காரணமாகக் காட்டியது. சேர விரும்பும் இளைஞர் இந்தப் பகுதியை இரண்டு முறை படிக்க வேண்டும். ‘நாங்கள் வேறு’ என்ற உணர்வு ஒருவனை எங்கே கொண்டுபோய் நிறுத்தும் என்பதை இதைவிடத் தெளிவாகச் சொல்லும் ஆவணம் எனக்குத் தெரியவில்லை. அதே ஆப்கானிஸ்தான் நடவடிக்கைகள் பற்றிய ஆவணங்களை ஊடகத்துக்குத் தந்த ராணுவ வழக்கறிஞர் டேவிட் மெக்பிரைடுக்கு 2024 மே மாதம் ஐந்தாண்டு எட்டு மாதச் சிறை விதிக்கப்பட்டது.

பிரிட்டன் இன்னும் இறுக்கம். அங்கே சிறப்புப் படைகளைப் பற்றி அரசு உறுதிசெய்வதும் இல்லை, மறுப்பதும் இல்லை. தகவல் உரிமைச் சட்டத்திலிருந்து அவற்றுக்கு முழு விலக்கு. அவற்றைக் கண்காணிக்கும் நாடாளுமன்றக் குழு கிடையாது. வளைகுடாப் போர் பற்றி முன்னாள் வீரர்கள் எழுதித் தள்ளிய புத்தகங்களுக்குப் பிறகு, 1996 முதல் ஒவ்வொருவரிடமும் வாழ்நாள் மௌன ஒப்பந்தத்தில் கையெழுத்து வாங்குகிறார்கள். இத்தனை பூட்டுக்கும் நடுவே, ஆப்கானிஸ்தானில் ஓர் எஸ்.ஏ.எஸ். ஸ்குவாட்ரன் ஆறே மாதத்தில் 54 பேரைச் சந்தேகத்துக்குரிய விதத்தில் கொன்றதாக 2022இல் பிபிசி ஆதாரங்களை வெளியிட்டது. நீதிபதி ஹாடன்-கேவ் தலைமையில் விசாரணை அமைந்தது. அதே காலத்தில், பிரிட்டிஷ் சிறப்புப் படையினரோடு தோள்சேர்ந்து போரிட்ட ஆப்கன் கமாண்டோக்கள் பிரிட்டனில் தஞ்சம் கேட்டபோது, அவர்களில் ஆயிரத்துக்கும் மேற்பட்டோரின் விண்ணப்பங்களை மறுக்கும் அதிகாரம் சிறப்புப் படைகளின் தலைமையகத்திடமே இருந்தது தெரியவந்தது. அந்த விசாரணையில் சாட்சி சொல்லக்கூடியவர்கள் அவர்கள். தன்மீதான குற்றச்சாட்டின் சாட்சிகளைத் தாலிபான்களிடம் விட்டுவிட ஒரு படைக்கே வாய்ப்பு அளித்த ரகசியம் அது.

நம் சட்டத்துக்கு வருவோம். தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் 24ஆம் பிரிவு, இரண்டாம் அட்டவணையில் உள்ள அமைப்புகளுக்கு விலக்கு அளிக்கிறது. என்.எஸ்.ஜி.யும் சிறப்பு எல்லைப்புறப் படையும் அந்த அட்டவணையில் இருக்கின்றன. ஆனால் ஊழல், மனித உரிமை மீறல் பற்றிய குற்றச்சாட்டு என்றால் இந்த விலக்கு செல்லாது. மனித உரிமை மீறல் தொடர்பான தகவலை மத்திய தகவல் ஆணையத்தின் ஒப்புதலோடு 45 நாட்களுக்குள் தர வேண்டும் என்று அதே பிரிவு சொல்கிறது. பிரிட்டனின் முழு விலக்கோடு ஒப்பிட்டால் இது உண்மையிலேயே நல்ல வாசகம். பத்திரிகையாளர்களும் வழக்கறிஞர்களும் இதை இன்னும் அதிகமாகப் பயன்படுத்த வேண்டும் என்பது என் விருப்பம்.

காலவரையறை பற்றிய சிந்தனையும் இங்கே இருந்திருக்கிறது. கார்கில் போருக்குப் பிறகு அமைந்த ஆய்வுக் குழுவின் தலைவர் திருச்சியில் பிறந்த கே. சுப்பிரமணியம். போர் வரலாறுகளை எழுத வேண்டும், ஆவணங்களின் ரகசியத்தை நீக்கத் தெளிவான கொள்கை வேண்டும் என்று அந்தக் குழு பரிந்துரைத்தது. அது கொள்கையாக 2021 ஜூன்வரை ஆயிற்று: பொதுவாக 25 ஆண்டுகளுக்குள் ஆவணங்களின் ரகசியம் நீக்கப்பட வேண்டும் என்று பாதுகாப்பு அமைச்சகம் அறிவித்தது. 1962 தோல்வி பற்றிய ஹென்டர்சன் புரூக்ஸ் அறிக்கையே இன்னும் அதிகாரபூர்வமாக வெளிவராத நாட்டில் இது பெரிய முன்னேற்றம். ஆனால் அந்தக் கொள்கை முப்படைகளையும் பாதுகாப்பு அமைச்சகத்தோடு தொடர்புடைய அமைப்புகளையும் மனத்தில் வைத்து எழுதப்பட்டது. அமைச்சரவைச் செயலகத்தின் கீழ் இருக்கும் சிறப்பு எல்லைப்புறப் படை அதற்கும் வெளியே நிற்கிறது.

1971இல் இருபது வயதில் சிட்டகாங் மலைகளுக்குள் போன திபெத்தியர் இன்று எழுபதைக் கடந்துவிட்டார். கர்நாடகத்தின் பைலகுப்பே போன்ற குடியிருப்புகளில் வாழும் அந்தத் தலைமுறை ஆண்டுக்கு ஆண்டு குறைந்துவருகிறது. அவர்கள் பிடித்த காவல்நிலைகளின் இருப்பிடமோ, ஏந்திய துப்பாக்கியின் பெயரோ இனி எந்த எதிரிக்கும் உதவாது. 56 பேரின் பெயர்ப் பட்டியலை வெளியிட்டு, பதக்கம் பெறும் உரிமையை அந்தக் குடும்பங்களுக்கு வழங்க வேண்டும். உயிரோடு இருப்பவர்களின் சாட்சியத்தை அவர்கள் மொழியிலேயே பதிவுசெய்ய இரண்டு மூன்று ஆய்வாளர்களும் ஓர் ஒலிப்பதிவுக் கருவியும் போதும். அவர்கள் கையில் இருக்க வேண்டிய அனுமதிக் கடிதத்தில் கையெழுத்திட வேண்டியது அமைச்சரவைச் செயலகம்.